நடிக்காமல் நான் அழுத காட்சி

உலகம் முழுக்கப் பேர் வாங்கிவிட்ட அந்த சினிமா இயக்குநர், என்னை ஏமாற்றித்தான் அந்தப் பேரை வாங்கினான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ‘அவன்’ என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னை அக்கா என்று கூப்பிட்டவன், என் கடைக்குள் உரிமையோடு புகுந்து தானே சட்னி ஊற்றிக்கொண்டவன். கோட்டு போட்டதால் அவன் எனக்கு ‘அவர்’ ஆகிவிட மாட்டான்.

கொரோனா முடிந்து மறுவருடம், வெயில் காலத்தில் நடந்தது இது. அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகும் சாலையில் எனக்கு ஒரு டிபன் கடை. சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. காலையில் துடைத்த மேசை மதியத்துக்குள் வெள்ளை பூத்துவிடும். என் கணவர் அதே சாலையில்தான் லாரி மோதி இறந்தார். அப்போது என் பெரியவன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினான். இப்போது டிரைவர். அவன் ஓட்டிய லாரியால்தான் சின்னவன் பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் சொல்லப்போவது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குப் புரியும்.

இயக்குநரை எனக்கு வீடியோக்காரனாகத் தெரியும். அரும்பாவூர் பக்கத்து ஆள். சின்னவன் காதுகுத்துக்கு வந்தபோது அவனுக்கே மீசை சரியாக முளைக்கவில்லை. என் அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை வாயில் லட்டை அடக்கிக்கொண்டு, ஆசாரி காது குத்தியதுகூடத் தெரியாமல் முழித்தான். வீடியோக்காரனுக்கு அது போதவில்லை. “மாமா, புள்ள அழுவவே இல்ல. வீடியோவுல நல்லாருக்காது. தொடையில லேசா கிள்ளுங்க” என்றான். அண்ணனும் கிள்ளினார். பிள்ளை வீறிட்டான். பக்கத்தில் நின்ற பெரியவன் சீர்த்தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து வீடியோக்காரன் மேல் எறிந்து, “என் தம்பிய ஏன்டா அழ வெக்கிற?” என்று கத்தினான். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் கல்யாணங்கள். எங்கள் பக்கம் அவன் வராமல் முகூர்த்தம் இல்லை என்றானது. தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையிடம், “லைட்டு சரியா விழல, இன்னொரு தடவ கட்டுற மாதிரி புடிங்க” என்பான். ஒரு பெண்ணின் சித்தப்பா, “ஏன்டா, ரெண்டாந்தாரமாவும் இவளயே கட்டச் சொல்றியா?” என்று கேட்டது இன்னும் இங்கே பேச்சு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் குறும்படம் எடுத்தான். கோயில் திடலில் வெள்ளை வேட்டியைக் கட்டி எங்களுக்குப் போட்டுக் காட்டினான். பிறகு சென்னைக்குப் போனான். அங்கே யார் யாரிடமோ உதவியாளராக இருந்து, ஒரு படம் எடுத்தான், அது தியேட்டருக்கே வராமல் போனது. இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தவன் என் கடையில் தோசை தின்றுகொண்டே, “அக்கா, அடுத்த படம் நம்ம ஊர்லயே. நடிகருங்க யாரும் கெடையாது, நம்ம ஆளுங்கதான். நீங்களும் இருக்கீங்க” என்றான். சிரிப்பாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அதையும் ஒளிக்கவில்லை.

படத்தில் நான் டிபன் கடைக்காரி. அதாவது நானேதான். “நீங்க நடிக்கவே கூடாதுக்கா, இட்லிய ஊத்துங்க, அது போதும்” என்பான். மாவு கரைத்தேன், லாரிக்காரர்களைத் திட்டினேன், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். ஒரே ஒரு காட்சிதான் வரவில்லை. படத்தில் என் மகன் லாரி மோதி இறந்துவிடுகிறான், நான் ஓடிவந்து அழ வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. கீழே படுத்திருந்த பையன் மூக்கில் ஈ உட்கார்ந்ததும் சிரித்துவிட்டேன். வேடிக்கை பார்த்த டிரைவர்கள், “எக்கா, செத்தவன் தும்முறான் பாரு” என்று இன்னும் கெடுத்தார்கள். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, “பரவால்லக்கா, அந்த சீனே வேணாம், விட்டுடலாம்” என்றான். சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். படப்பிடிப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரம். எங்கள் கடைக்கு எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், “எக்கா, ஒண்ணுமில்ல. பதறாம ஏறுங்க. கடய அப்படியே போட்டுட்டு வாங்க” என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இங்கே யாரும் செத்துவிட்டார் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். ‘ஒண்ணுமில்ல, கெளம்பி வா’ என்றால், எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். உண்மையிலேயே லேசான அடி என்றால், ‘கால்ல அடி, ஆஸ்பத்திரியில கட்டு போடறாங்க’ என்று விவரமாகச் சொல்வார்கள். விவரம் இல்லாத ‘ஒண்ணுமில்ல’தான் சாவு. என் கணவர் போன அன்று எனக்கும் அப்படித்தான் வந்தது. அடுப்பில் குழம்பு கொதிக்க, ‘ஒண்ணுமில்ல வா’ என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அவர் காரியத்துக்கு அந்த இயக்குநரும் வந்திருந்தான், கேமரா இல்லாமல். என்னை அன்று எப்படி அழைத்தார்கள் என்று அவனிடமே சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேன்.

பைக்கில் ஏறினேன். செருப்புக்கூடப் போடவில்லை. செல்போன் கல்லாவிலேயே கிடந்தது. வழியெல்லாம், “எந்தப் புள்ளப்பா? சொல்லேன், எந்தப் புள்ள?” என்று அவர் முதுகில் குத்திக்கொண்டே போனேன். அவர் வண்டியை இன்னும் வேகமாக விட்டார்.

கீழப்பழுவூர் தாண்டி ஒரு வளைவு. லாரி குறுக்கே நின்றது. கூட்டம். எங்கள் வீட்டு பைக் சாலையில் சாய்ந்து கிடந்தது. எங்கள் வண்டிதான், சந்தேகமே இல்லை, முன்னால் நானே கட்டிய எலுமிச்சம்பழம் தொங்கியது. பெரியவன் லாரி ஷெட்டுக்கு அதில்தான் போவான். சின்னவன் பஸ் ஸ்டாப்புக்கு அதில்தான் போவான். அன்று யார் எடுத்துப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு உடம்பு, வேட்டியால் தலையோடு மூடியிருந்தது.

ஓடினேன். புடவை தடுக்கி விழுந்தேன். எழுந்து ஓடினேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. வேட்டியைப் பிடித்து இழுத்தபோது உள்ளே இருந்தது யாரோ ஒரு பையன். எழுந்து உட்கார்ந்து, “எக்கா, ஷூட்டிங்க்கா, ஷூட்டிங்” என்று நடுங்கினான். லாரியின் உள்ளே இருந்து கேமராவோடு இயக்குநர் இறங்கினான். நேராக வந்து என் காலில் விழுந்தான்.

அவனை மிதித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? செத்தவனாக நடித்த பையனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். பஞ்சர்காரர் முதுகில் நாலு சாத்து சாத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் அழுதுகொண்டே சிரித்தேன். இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள், அது போதும் எனக்கு. பைக்கை ஷூட்டிங்குக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறான். கொடுத்தது பெரியவன்தான். எதற்கென்று அவனுக்கும் தெரியாது. மொத்தக் கும்பலையும் கடைக்கு அழைத்து வந்து டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மெதுவாகக் கேட்டான்:

“இத வச்சுக்கட்டுமாக்கா?”

“வச்சுத் தொல, படுபாவி” என்றேன்.

அழுகையைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். அங்கே நின்ற எல்லோரும் நான் கத்தியதைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.

அந்தப் படம் முதலில் வெளிநாட்டில்தான் ஓடியது. பரிசு வாங்கியது. எழுந்து நின்று ரொம்ப நேரம் கைதட்டினார்கள் என்று பேப்பரில் போட்டார்கள். அடுத்து வேறு நாடு, வேறு பரிசு. பனியில் கோட்டு போட்டு நிற்கும் அவன் படத்தை லாரிக்காரர்கள் என் கடைச் சுவரில் ஒட்டினார்கள். ‘பெரம்பலூர் மண்ணின் மைந்தர்’ என்று ரோடெல்லாம் பிளக்ஸ். கடைசியில் ஊர் ஆட்களுக்கென்று பெரம்பலூர் தியேட்டரில் ஒரு காலைக் காட்சி போட்டான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் பெரியவன், ஒரு பக்கம் சின்னவன். திரையில் என் முகம் வந்ததும் பெரியவன் சீட்டில் ஏறி நின்று, “எங்கம்மாடா!” என்று விசிலடித்தான்.

பிறகு அந்த வளைவு வந்தது. நான் விழுந்து, எழுந்து, ஓடி வருகிறேன். தலை விரிந்து கிடக்கிறது. தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி என் குரல்:

“கடவுளே, பெரியவனா இருந்தாக்கூட இருக்கட்டும்! என் சின்னவனா மட்டும் இருக்கக் கூடாது!”

அது நான்தான். என் வாய்தான். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. வெளிநாட்டுக்காரர்களுக்குக்கூடப் புரியட்டும் என்று போட்டிருக்கிறான். பின்வரிசையில் ஒருத்தி, “பாவம்டி அந்தப் பெரிய புள்ள” என்றாள். நான் திரும்பிப் பெரியவனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அவன் மடியில் இருந்த முறுக்குப் பொட்டலம் மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் அதில் கை வைக்கவில்லை.

படம் முடிந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். “இவங்கதான் என் படத்தோட உயிர்” என்று சொல்லிச் சால்வை போட்டான். நான் கைகூப்பிச் சிரித்தபடி நின்றேன். அந்த போட்டோ இப்போதும் எல்லார் போனிலும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை, பெரியவன் வந்து எதிரே நின்றான்.

“ஏம்மா, அது அவன் எழுதிக் குடுத்ததா?”

“ஆமாடா. அவன் சொல்லச் சொன்னான், நான் சொன்னேன். எனக்கு என்னா தெரியும்?”

உடனே சொன்னேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் அவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. அவன் முகம் தெளிந்தது. அன்றிலிருந்து அதை வைத்தே என்னை ஓட்டினான். சாப்பிட வரும்போது, “பெரியவன் வந்திருக்கேன், இருந்தாக்கூட இருக்கட்டும்னு சோத்தப் போடு” என்பான். அவன் கூட்டாளி டிரைவர்களும், “டேய், ஒன்னய வேணாம்னு ஒலகத்துக்கே சொல்லிட்டாங்கடா” என்று கத்துவார்கள். அவன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். ஒவ்வொரு சிரிப்புக்கும் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இருந்தாலும், இது இப்படியே போய்விடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

போகவில்லை. ஏதோ ஒரு நாட்டில் இயக்குநர் கொடுத்த பேட்டி எல்லார் போனுக்கும் வந்தது. அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். இவன் கண்ணை மூடித் திறந்து, “அதில் ஒரு சொல்கூட நான் எழுதியது இல்லை. அவரிடம் நான் எதுவுமே சொல்லவில்லை. அது ஒரு தாயின் உண்மை” என்கிறான். அங்கேயும் கைதட்டுகிறார்கள்.

லாரி ஷெட்டில் யாரோ அதைப் பெரியவனிடம் காட்டியிருக்கிறார்கள்.

அன்று மதியம் கடைக்கு வந்தான். எதுவும் கிண்டல் செய்யவில்லை. உட்கார்ந்தான், போட்டதைத் தின்றான். தின்ற தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறந்ததிலிருந்து அவன் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை. வெளியாள் மாதிரி கழுவி வைத்தான்.

“டேய், நான் சொல்றதக் கேளுடா...” என்று ஆரம்பித்தேன்.

“விடும்மா” என்றான். “தம்பி படிக்கிற புள்ள. அந்த எடத்துல நானா இருந்தாலும் அப்படித்தான் வேண்டிருப்பேன்.”

கோபத்தோடு சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னான். அப்படியே லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்போது வடக்கே ஓடும் லாரிக்கு மாறிவிட்டான். போன மாதம் வந்தபோது தம்பிக்குச் சட்டை வாங்கி வந்தான், எனக்குப் புடவை வாங்கி வந்தான். கேட்டதற்குப் பதில் சொல்கிறான். அவனாக எதுவும் பேசுவதில்லை. சின்னவனும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ‘எனக்காக அப்படி வேண்டிக்கச் சொல்லி நான் கேட்டனாம்மா?’ என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

ஏன் அப்படிக் கத்தினேன் என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். சின்னவன் சிறுவயதில் நோஞ்சான், அதனால் இருக்கலாம். பெரியவன் எதையும் தாங்குவான் என்று மனதுக்குள் பழகியிருக்கலாம். எதைச் சொன்னாலும் சாக்குப்போலத்தான் இருக்கிறது. ஒரு அம்மா நினைக்கக் கூடாததை நான் கத்தினேன். அது எனக்கு அவமானம்தான், சாகிறவரைக்கும் இருக்கும். பிறகு பொய் வேறு சொன்னேன். அதற்கும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் எந்த அம்மாவுக்குள்ளும் என்னென்ன கிடக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அதைத் தோண்டி எடுக்க இன்னொருத்தனுக்கு என்ன உரிமை? அவனுக்குப் போன் செய்து கேட்டேன். ஏதோ விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“அக்கா, நான் பொய்யே சொல்லலையே. ஒண்ணுமில்ல வாங்கன்னுதான சொல்லச் சொன்னேன்? அதான நெசம்?”

“அதுக்கு என்னா அர்த்தம்னு ஒனக்குத் தெரியாதா? நீ எந்த ஊர்க்காரன்?”

“பிளைட்டுக்குக் கூப்பிடறாங்கக்கா” என்றான். நான் விடவில்லை.

“அந்த வார்த்தய மட்டுமாவது எடுத்திருக்கலாமேடா.”

“அந்த வார்த்ததான் படமேக்கா” என்றான். பிறகு, “வேணும்னா பெரிய தம்பிகிட்ட நான் பேசறேன், வசனம்னு சொல்லிடறேன்” என்றான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். என் மகனிடம் பொய் சொல்ல நான் ஒருத்தி போதும்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தனால் இதைச் செய்திருக்கவே முடியாது. அவனுக்கு ‘ஒண்ணுமில்ல’ என்பதன் அர்த்தம் தெரியாது. எங்கள் மண்ணில் பிறந்து, எங்கள் சாவுக்கு வந்து, எங்கள் சோற்றைத் தின்றவனால்தான் முடியும். நான் அவமானப்பட்டது போதாதென்று, கூடவே எல்லோரும் என்னிடம், ‘நம்ம ஊரு பேர உலகத்துக்குக் கொண்டு போயிட்டான்ல’ என்கிறார்கள். கொண்டுபோனது ஊர்ப் பேரை மட்டும் இல்லை.

அடுத்து அவனுக்கு அரியலூரில் பாராட்டு விழா என்கிறார்கள். எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. வருவேன். பெரியவனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். அவன் வர மறுத்தால் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, கிளம்பும்வரை கூப்பிடுவேன். முன்வரிசையில் இருப்போம்.

என்னை அக்கா என்று கூப்பிட்ட தம்பி, இதை நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும். போனில் சொன்ன சமாதானம் எனக்கு வேண்டாம். உலகத்தின் முன்னால் என் வார்த்தை உண்மை என்று சொன்னாய் அல்லவா? அதே மைக்கைப் பிடித்து மீதியையும் சொல். படப்பிடிப்பு முடிந்தது என்று எதற்காகச் சொன்னாய்? யாரை அனுப்பினாய்? என் புருஷன் செத்த அன்று என்னை என்ன சொல்லிக் கூட்டிப் போனார்கள் என்று தெரிந்துதானே அதையே சொல்லச் சொன்னாய்? என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். என் பெரிய மகன் முகத்தைப் பார்த்து, எல்லார் முன்னாலும் பதில் சொல்.